கடலைத் தொடாத ஆறு: வடிநிலம் என்றால் என்ன?

ஜனவரி மழை எங்கள் ஊரில் பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும். மூன்று மணிக்கு மேற்கே மலை கறுக்கத் தொடங்கும். நான்கு மணிக்கு இடியோடு கொட்டித் தீர்த்துவிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குள் ஓய்ந்துவிடும். அப்படி மழை விட்ட ஒரு மாலையில் ஊரின் நார்த்டேல் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். தெருவோரமாகச் சிவந்த தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என் அண்ணன் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"அத்தை, இந்தத் தண்ணீர் எங்கே போகிறது?"

"கீழே இருக்கிற ஓடைக்கு."

"ஓடை எங்கே போகிறது?"

"ஆற்றுக்கு."

"ஆறு?"

"கடலுக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. எங்கள் ஊர் ஆறு கடலுக்குப் போவதில்லை. அதன் தண்ணீர் போகிறது, ஆறு போவதில்லை. இந்த வேறுபாட்டை அவளுக்குப் புரியவைக்க எனக்குச் சில வாரங்கள் ஆயின. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். நிலவியல் படிக்காதவர்களுக்கும் இது புரியும். அவளுக்கு வயது பதினொன்றுதான்.

எங்கள் ஊர் பீட்டர்மாரிட்ஸ்பர்க். தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், டர்பன் துறைமுகத்திலிருந்து சாலை வழியே ஏறத்தாழ எண்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஊரின் ஊடே ஓடுகிற ஆற்றுக்கு ம்சுண்டூசி என்று பெயர். தள்ளிக்கொண்டு போவது என்று சுலு மொழியில் அதற்குப் பொருள் சொல்வார்கள். நகரத்தில் எல்லோரும் அதைச் சுருக்கி 'டூசி' என்றுதான் சொல்கிறோம். உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. தென்னாப்பிரிக்கப் படத்திலும் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் பார்க்க வேண்டும். ஆனால் ஓர் ஆற்றைப் புரிந்துகொள்ள இப்படிச் சிறிய ஆறுதான் வசதி. நைல் நதியை யாராலும் வார இறுதியில் நடந்து பார்க்க முடியாது.

ஆயா வீட்டுக் கூரை

வடிநிலம் என்ற சொல்லை முதலில் சொன்னால் குழந்தை ஓடிவிடும். அதனால் எங்கள் ஆயாவின் வீட்டிலிருந்து தொடங்கினேன்.

நட்டாலில் தமிழர்களின் பழைய வீடுகள் பெரும்பாலும் மரச்சட்டமும் தகரமும் கொண்டு கட்டியவை. ஆயாவின் வீடும் அப்படித்தான். நடுவில் முகடு, இரு பக்கமும் சரிவு. முன்சரிவின் ஓரத்தில் ஒரு தகரக் கால்வாய். அதன் முனையிலிருந்து ஒரு குழாய். குழாய்க்குக் கீழே வளையம் வளையமாக நெளிந்த தகரத் தொட்டி. பின்சரிவுக்குக் கால்வாய் கிடையாது. அங்கே விழுகிற மழை கொல்லைப்புறத்தில் சொட்டி, கறிவேப்பிலை மரத்தடிக்குப் போய்விடும். மழை நாட்களில் ஆயா தொட்டியின் வயிற்றைக் கரண்டிக் காம்பால் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்றால் அந்த உயரத்தில் தண்ணீர் இல்லை. 'தொப்' என்றால் இருக்கிறது. அடியிலிருந்து மேலே தட்டிக்கொண்டே போய், ஓசை மாறுகிற இடத்தில் கையை வைத்து, "இவ்வளவு வந்திருக்கிறது" என்பார்.

இப்போது ஒரு கேள்வி. அந்தத் தொட்டித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? குழாயிலிருந்து என்று சொல்லலாம். கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் தண்ணீர் வந்தது முன்சரிவு முழுவதிலிருந்தும். முகட்டுக்கு இந்தப் பக்கம் விழுந்த ஒவ்வொரு துளியும் தொட்டிக்கு வந்தது. முகட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு விரற்கடை தள்ளி விழுந்த துளி கறிவேப்பிலைக்குப் போனது. இரண்டு துளிகளும் ஒரே மேகத்திலிருந்து ஒன்றாகத்தான் இறங்கின.

முன்சரிவுதான் வடிநிலம். அந்தத் தொட்டிக்கு எங்கெங்கு விழும் மழை வந்து சேருமோ, அந்த இடம் முழுவதும். முகடுதான் நீர்பிரிமேடு. கால்வாயும் குழாயும்தான் ஆறு. ஆறு என்று நாம் படத்தில் நீலக்கோடாக வரைவது அந்தத் தகரக் கால்வாயை மட்டுமே. கூரையை யாரும் வரைவதில்லை. நிலவியலில் எனக்கு மிகவும் வருத்தம் தருகிற விஷயம் இது. பள்ளிப் புத்தகத்தில் ஆற்றை ஒரு கோடாகக் காட்டிவிடுகிறோம். பிறகு அந்தக் கோட்டுக்கு வெளியே குப்பை கொட்டுகிறவர், தான் ஆற்றுக்கு எந்தத் தீங்கும் செய்யவில்லை என்று உண்மையாகவே நம்புகிறார்.

ஒரு சதுர மீட்டர் இடத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். எண்பது சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 2,000 லிட்டர். அதே மழை ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் பெய்தால் இரண்டரைக் கோடி லிட்டர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளில் ஏற்றினால் 2,500 லாரிகள். எல்லாம் ஆற்றுக்கு வந்துவிடாது. மண் குடிக்கும், புல் குடிக்கும், வெயில் குடிக்கும். மிச்சம் ஓடும். கூரைக்கும் நிலத்துக்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்: தகரம் எதையும் குடிக்காது.

சரிவுக்குள் சரிவு

எங்கள் தெருத் தண்ணீர் போய்ச் சேர்வது பேன்ஸ்பிரேட் என்ற ஓடைக்கு. 'ஸ்பிரேட்' என்றால் ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் ஓடை. எங்கள் ஊரில் இந்தப் பின்னொட்டு வைத்த பெயர்கள் நிறைய உண்டு. டோர்ப்ஸ்பிரேட் என்றால் ஊர் ஓடை. ஸ்லாங்ஸ்பிரேட் என்றால் பாம்பு ஓடை. எல்லாம் டூசியில் கலப்பவை.

பேன்ஸ்பிரேட் மிகச் சிறியது. பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. நார்த்டேல் பக்கம் பிறந்து, வீடுகளுக்குப் பின்புறமாக ஓடி, வில்லோட்டன் தொழிற்பேட்டையைக் கடந்து, சோபாண்டு குடியிருப்பின் ஓரமாகப் போய் டூசியில் விழுகிறது. நார்த்டேலும் ரெய்ஸ்தோர்ப்பும் நிறவெறிச் சட்டக் காலத்தில் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய பகுதிகள். சோபாண்டு கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கியது. சட்டம் மக்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தது. ஓடை அதே காலத்தில் எங்கள் கொல்லைத் தண்ணீரை அவர்களுடைய காய்கறித் தோட்டத்துக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. 2019 ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தொழிற்சாலையிலிருந்து தாவர எண்ணெயும் காரச் சோடாவும் இந்த ஓடையில் பெருமளவில் கலந்தன. ஓடையிலும், அதற்குக் கீழே டூசியிலும் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் செத்து மிதந்தன. தோட்டம் வைத்திருந்தவர்கள் பாசனத் தண்ணீரை இழந்தார்கள். எண்ணெய் கொட்டிய இடம் ஓர் ஆலை. அதன் விளைவு ஓடிய தூரம் பல கிலோமீட்டர். சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம்தான் எல்லாம் போகும்.

ஆக, பேன்ஸ்பிரேட்டுக்கு ஒரு வடிநிலம் உண்டு. அது டூசியின் வடிநிலத்துக்குள் அடங்கியது. டூசியின் வடிநிலமோ உம்கேனி என்ற பெரிய ஆற்றின் வடிநிலத்துக்குள் அடங்கியது. தமிழ்நாட்டு ஏரிகளைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் பிடிபடும். மேலேரி நிரம்பிக் கலங்கல் வழியாக வழிந்தால் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கு அடுத்தது. ஒவ்வோர் ஏரிக்கும் தனி நீர்ப்பிடிப்பு. ஆனால் கடைசி ஏரிக்காரருக்கு மேலே உள்ள அத்தனை ஏரிகளின் நீர்ப்பிடிப்பும் சொந்தம். மேலேரிக் கரையை யாராவது வெட்டினால் அவருடைய வயல்தான் மூழ்கும்.

டூசி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது

ஊருக்கு மேற்கே வுலிண்ட்லேலா என்ற மேட்டு நிலம் இருக்கிறது. அங்கே புல்வெளிகளில் கசிந்து வரும் பல சிற்றோடைகள் சேர்ந்துதான் டூசி உருவாகிறது. இதில் எந்த ஓடையின் தலை உண்மையான மூலம் என்று கேட்டால், மிக நீளமானதன் தலை என்று வைத்துக்கொள்வதே பொது வழக்கம். நின்று கும்பிட ஓர் இடம் வேண்டும் என்று மனிதர்களுக்குத் தோன்றுகிறது. ஆற்றுக்கு அப்படி ஓர் ஒற்றைத் தொடக்கம் இல்லை. தண்ணீரில் நனைந்த பஞ்சு போன்ற புல்தரை முழுவதும்தான் தொடக்கம்.

அங்கிருந்து ஹென்லி அணையைக் கடந்து, ஈடன்டேல் பள்ளத்தாக்கின் வழியே நகருக்குள் வருகிறது. வூர்ட்ரெக்கர் எனப்படும் டச்சு வழிக் குடியேறிகள் 1838-இல் நகரத்தை டூசிக்கும் டோர்ப்ஸ்பிரேட்டுக்கும் நடுவில் இருந்த மேட்டில்தான் அமைத்தார்கள். தெருவோரங்களில் திறந்த வாய்க்கால்கள் வெட்டி வீடுகளுக்குத் தண்ணீர் விட்டார்கள். அதற்கு முன்பே இங்கு வாழ்ந்தவர்களுக்கு ஒவ்வொரு மடுவும் தெரியும். ஆகவே யாரோ ஒரு வெள்ளைக்காரர் இந்த ஆற்றைக் கண்டுபிடித்தார் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. சுலு மக்கள் வைத்த பெயரைத்தான் ஆறு இன்றும் தாங்கியிருக்கிறது.

நகரைத் தாண்டியதும் ஆற்றின் குணம் மாறுகிறது. இதுவரை மென்மையான களிப்பாறை மேல் அகலமாக, சோம்பலாக ஓடியது. இனி கடினமான மணற்பாறையையும் அதற்கு அடியில் உள்ள கருங்கல்லையும் அறுத்துக்கொண்டு போக வேண்டும். பள்ளத்தாக்கு குறுகுகிறது, பாறைகளுக்கு நடுவே தண்ணீர் குதிக்கிறது. 'ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு' என்று பெயர் பெற்ற நிலம் இது. உச்சி தட்டையாக, கத்தியால் சீவியது போல நிற்கிற மேசை மலையும் இங்கேதான் இருக்கிறது. கேப் டவுனில் இருக்கும் புகழ்பெற்ற மேசை மலை வேறு; இதற்கு சுலு மொழியில் எம்காம்பதினி என்று பெயர். இந்த மலைக்கு ஒரு பக்கம் டூசி, மறுபக்கம் உம்கேனி. மலையுச்சியில் பெய்யும் மழை இரண்டாகப் பிரிந்து இரண்டு ஆறுகளுக்கும் போகிறது. ஆயா வீட்டு முகடுதான் இங்கே மலையாக நிற்கிறது. ஆனால் ஒன்று: மலையைத் தாண்டியதும் இரண்டு ஆறுகளும் சேர்ந்துவிடுகின்றன. பிரிந்த துளிகள் சில நாள் கழித்துச் சந்தித்துக்கொள்கின்றன.

அந்தக் கூடுதுறையோடு டூசி முடிகிறது. அங்கிருந்து கடல் வரை ஓடுவதற்கு உம்கேனி என்றுதான் பெயர். பவானி ஊரில் பவானி ஆறு காவிரியோடு சேர்ந்து பெயரை இழப்பதைப் போல. எது பெரிய ஆறு, எது துணையாறு என்று தீர்மானிப்பது நீளமும் நீரின் அளவும். உம்கேனி மொத்தம் 232 கிலோமீட்டர் நீளம். மேலே ஹோவிக் என்ற ஊரில் 95 மீட்டர் உயரத்திலிருந்து அருவியாக விழுந்து வருகிறது. அதன் முன்னால் எங்கள் டூசி சிறியதுதான். கடலைத் தொடாமல் இன்னோர் ஆற்றில் முடிவதால் அதைத் துணையாறு என்கிறோம். போட்ஸ்வானாவில் ஒக்கவாங்கோ முடிவது வேறு வகை; அது எந்த ஆற்றிலும் சேராமல், கடலையும் அடையாமல், உள்நாட்டுச் சதுப்பிலும் மணலிலும் தீர்ந்துபோகிறது. டூசியின் தண்ணீரோ, பெயர் மாறி, டர்பனில் இந்தியப் பெருங்கடலுக்குப் போய்விடுகிறது.

படகில் போனவர், நடந்து போனவர்கள்

1951 டிசம்பரில் எட்டுப் பேர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் சிறு படகுகளை டூசியில் இறக்கினார்கள். கூடுதுறை வழியாக உம்கேனிக்குள் புகுந்து, டர்பன் கடற்கரை வரை துடுப்பு வலித்தே போக வேண்டும் என்பது திட்டம். நகரங்களுக்கு இடையே நேராக எழுபது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். ஆறு வளைந்து வளைந்து நூற்றுஇருபது கிலோமீட்டர் ஆக்கிவிடுகிறது. எட்டுப் பேரில் ஒருவர் மட்டுமே போய்ச் சேர்ந்தார். அவர் பெயர் இயன் பிளேயர். வழியில் பாம்பு கடித்தும் நிறுத்தவில்லை. அவருக்கு ஆன நேரம் ஆறு நாள், எட்டு மணி, பதினைந்து நிமிடம். பிற்காலத்தில் வெள்ளைக் காண்டாமிருகம் அழியாமல் காத்த முயற்சிக்குத் தலைமை தாங்கியவரும் இவரே.

அந்தப் பயணம் இப்போது ஆண்டுதோறும் நடக்கும் மூன்று நாள் படகுப் போட்டி. இன்று வெல்பவர்கள் மூன்று நாளையும் கூட்டிப் பத்து மணி நேரத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். முதல் நாள் டூசி, இரண்டாம் நாள் கூடுதுறையைத் தாண்டி இனாண்டா அணை, மூன்றாம் நாள் கடல். பாறை மிகுந்த இடங்களில் படகைத் தோளில் தூக்கிக்கொண்டு குன்றேறி ஓடுவார்கள். ஆற்றின் வளைவைவிடக் குன்றுக்கு மேலே வழி குறுகியது. போட்டி முடிந்த மறுவாரம் பலருக்கு வயிற்றுப்போக்கு வரும். அதற்கு ஆற்றின் பெயரிலேயே ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து டூசியில் கலப்பதால் வருகிற நோய் அது. ஓர் ஆற்றின் பெயர் நோய்க்குப் பெயராகிவிட்டதே என்று ஒவ்வொரு முறை கேட்கும்போதும் மனம் கனக்கிறது.

2012 மே மாதத்தில் உள்ளூர் ஆற்றுப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த ஒரு சிறு குழு உம்கேனியின் மூலத்திலிருந்து கடல் வரை நடந்தே போனது. ஏறத்தாழ நான்கு வாரம். வழியெல்லாம் தண்ணீரைச் சோதித்துக் குறித்துக்கொண்டே போனார்கள். படகுப் போட்டியைவிட இந்த நடைதான் எனக்குப் பெரிய சாகசமாகத் தோன்றுகிறது. படகில் போகிறவர் ஆற்றைக் கடக்கிறார். நடப்பவர் எந்த ஓடை எங்கே வந்து சேர்கிறது, எந்தக் குழாய் எங்கே திறக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்.

முகட்டைத் தாண்டும் குழாய்

இவ்வளவு சொன்ன பிறகு அண்ணன் மகள் ஒன்று கேட்டாள். "அப்படியென்றால் நாம் குடிப்பது டூசித் தண்ணீரா?"

இல்லை. எங்கள் குழாயில் வருவது உம்கேனித் தண்ணீர். ஹோவிக் அருகே மிட்மார் அணையில் தேக்கி, சுத்திகரித்து, முகட்டைத் தாண்டிக் குழாயில் கொண்டுவருகிறார்கள். நாங்கள் குளித்து, சமைத்து, கழுவியபின் அது டார்வில் கழிவுநீர் நிலையத்துக்குப் போய், அங்கிருந்து டூசிக்குப் போகிறது. கூரையின் பின்சரிவுத் தண்ணீரை ஒரு குழாயால் முன்சரிவுக்குத் திருப்பிவிட்டது போல. அதற்கும் மேலே, மிட்மாருக்குப் போதாத தண்ணீரை மூயி என்ற ஆற்றிலிருந்து இறைக்கிறார்கள். மூயி முற்றிலும் வேறு வடிநிலத்தைச் சேர்ந்தது. இயற்கை விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் துகேலா ஆற்றில் கலந்து வேறொரு கடற்கரைக்குப் போயிருக்கும். ஆகவே எங்கள் சமையலறைக் குழாயைத் திறந்தால் மூன்று ஆறுகளின் கதை கொட்டுகிறது.

டூசிக்குப் போனது கூடுதுறை கடந்து இனாண்டா அணையில் தேங்குகிறது. அந்த அணை டர்பன் மக்களின் குடிநீர். கழிவில் உள்ள பாஸ்பேட் போன்ற சத்துகள் அங்கே சேர்வதால் ஆகாயத்தாமரை பரப்புப் பரப்பாக மூடிக்கொள்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஏரியோரம் நின்றாலும் பார்க்கிற அதே ஊதாப் பூச் செடிதான். தென் அமெரிக்காவிலிருந்து வந்து இரண்டு நாட்டு நீர்நிலைகளையும் பிடித்துக்கொண்டது. எங்கள் சோப்புத் தண்ணீரில் அது வளர்கிறது என்று சொன்னபோது குழந்தையின் முகம் வாடிவிட்டது. கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாம்.

வெள்ளம் ஏன் அவ்வளவு விரைவாக வருகிறது

புல்வெளியில் பெய்த மழை மெதுவாக வரும். வேர் பிடித்து வைக்கும், மண் உறிஞ்சும், மிச்சம் சில நாள் கசிந்துகொண்டே இருக்கும். மழையில்லாத ஜூன், ஜூலையிலும் டூசியில் தண்ணீர் இருப்பது இந்தக் கசிவால்தான். அதே நிலத்தில் வீடும் தாரும் சிமெண்டும் போட்டால், முன்பு இரண்டு நாள் எடுத்து வந்த தண்ணீர் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும். தண்ணீரின் மொத்த அளவு கூடுவதைவிட, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்வதுதான் கொல்கிறது. செங்குத்தான சரிவுகளிலிருந்து பல ஓடைகள் ஒரே பள்ளத்தில் இறங்கும் இடத்தில் இது இன்னும் மோசம். ஈடன்டேல் அப்படிப்பட்ட பள்ளம். 1995 கிறிஸ்துமஸ் நாளில் அங்கே வந்த வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஓடைக்கரையை விட்டால் வேறு இடம் கிடைக்காத ஏழைகளே பெரும்பாலும் அங்கு குடியிருந்தார்கள்.

கீழே டர்பனில், உம்கேனிக் கரையில் ஸ்பிரிங்ஃபீல்ட் சமவெளியில் ஒரு காலத்தில் இந்தியர்களின் தகரக் குடியிருப்பு இருந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' கப்பல் தொடங்கிவைத்த ஒப்பந்தக் கூலி வாழ்க்கையிலிருந்து விடுபட்டவர்கள் அந்தச் சமவெளியின் வண்டலில் காய்கறி பயிரிட்டார்கள். வண்டல் அவ்வளவு வளமாக இருந்ததற்குக் காரணமே அடிக்கடி வந்த வெள்ளம்தான். 1917 அக்டோபர் 28 அன்று ஆறு பெருகிக் குடியிருப்பை மூழ்கடித்தது. மாரிமுத்து படவட்டான் என்பவரும் அவரோடு ஐந்து பேரும் ஒரே படகில் திரும்பத் திரும்ப வெள்ளத்துக்குள் போய் நூற்றுஎழுபதுக்கும் மேற்பட்டோரை மீட்டார்கள். 'படவட்டான் அறுவர்' என்று டர்பன் தமிழர்கள் இன்றும் அவர்களை நினைவுகூர்கிறார்கள். அன்று அவர்கள் துடுப்பு வலித்த வெள்ளத்தில் எங்கள் மலைச்சரிவுகளின் மழையும் இருந்தது. டூசி இறக்கிவிடுவது அத்தனையும் அந்தச் சமவெளி வழியாகத்தான் கடலுக்குப் போக வேண்டும்.

ஓர் ஆரஞ்சுப் பழமும் சில பூச்சிகளும்

உங்கள் ஊர் ஓடையை நீங்களே அளக்கலாம். நாங்கள் ஒரு சனிக்கிழமை காலை பேன்ஸ்பிரேட்டில் அளந்தோம். தேவையானவை ஓர் ஆரஞ்சு, ஒரு கயிறு, ஒரு அளவுகோல், கைக்கடிகாரம். ஆரஞ்சு பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. அதோடு நன்றாகக் கண்ணுக்குத் தெரியும், தொலைந்தாலும் மக்கிவிடும். நேராக ஓடும் பத்து மீட்டர் தூரத்தை அளந்துகொண்டோம். ஆரஞ்சு அதைக் கடக்க 25 நொடி எடுத்தது. அப்படியென்றால் வேகம் நொடிக்கு 0.4 மீட்டர். ஓடையின் அகலம் மூன்று மீட்டர். ஐந்து இடங்களில் கோல் வைத்துப் பார்த்த சராசரி ஆழம் 20 சென்டிமீட்டர். அகலத்தை ஆழத்தால் பெருக்கினால் 0.6 சதுர மீட்டர். அதை வேகத்தால் பெருக்கினால் நொடிக்கு 0.24 கன மீட்டர். அடித்தரையில் தண்ணீர் மெதுவாகப் போகும் என்பதால் அதில் 85 விழுக்காட்டை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். நொடிக்கு ஏறத்தாழ 200 லிட்டர். பெரிய ஆற்றையும் இதே கணக்கில்தான் அளக்கிறார்கள், கருவிகள்தான் வேறு.

அளவு தெரிந்தது. தரம்? அதற்கு இந்த மாகாணத்திலேயே உருவான எளிய முறை ஒன்று இருக்கிறது. மினிசாஸ் என்று பெயர். தண்ணீரில் வாழும் சிறு உயிர்களைப் பதின்மூன்று கூட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருக்கிறார்கள். அழுக்கைத் தாங்காத உயிருக்குப் பெரிய எண், தாங்கும் உயிருக்குச் சின்ன எண். கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு வாழும் கல்ஈயின் இளம்புழுவுக்கு 17. தட்டாரப்பூச்சியின் இளம்புழுவுக்கு 6, நண்டுக்கும் 6. நத்தைக்கு 4. அட்டைக்கும் மண்புழு போன்றவற்றுக்கும் 2. பார்த்த கூட்டங்களின் எண்களைக் கூட்டி, எத்தனை கூட்டம் பார்த்தோமோ அதனால் வகுக்க வேண்டும். ஒரு கூட்டத்தில் ஓர் உயிர் பார்த்தாலும் நூறு பார்த்தாலும் ஒன்றுதான்.

வலையை ஓடையின் போக்குக்கு எதிராகப் பிடித்துக்கொண்டு, அதன் முன்னால் கற்களை ரப்பர் பூட்ஸ் காலால் ஐந்து நிமிடம் கிளறினோம். வலையில் வந்ததை ஒரு வெள்ளைத் தட்டில் கொட்டினோம். முதலில் வெறும் கசடும் இலையும்தான். அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தால் கசடு நகரத் தொடங்கும். சிவப்பு நூல் போல ஒன்று சுருண்டு நிமிர்ந்தது. அது கொசு போன்ற ஓர் ஈயின் புழு, எண் 2. ஒரு அட்டை தட்டின் ஓரத்தை அளந்துகொண்டே போனது, 2. புழு ஒன்று, 2. விரல் நகமளவு நத்தை, 4. அவ்வளவுதான். கூட்டினால் 10, நான்கால் வகுத்தால் 2.5. கல் நிறைந்த ஓடைக்கு 5.1-க்குக் கீழே வந்தாலே நிலை மிக மோசம் என்று அட்டவணை சொல்கிறது.

அடுத்த வாரம் ஊருக்கு வடமேற்கே, மலையடிவாரக் காட்டில் ஓடும் சிற்றோடைக்குப் போனோம். மேலே வீடு கிடையாது, ஆலை கிடையாது. முதல் கல்லைப் புரட்டியதுமே இரண்டு வால்முள் கொண்ட தட்டையான உயிர் ஒன்று கல்லின் அடிப்பக்கம் ஓடி ஒளிந்தது. கல்ஈ! அண்ணன் மகள் போட்ட கூச்சலில் அக்கம்பக்கக் குரங்குகள் ஓடின. அதற்குப் பிறகு, தன்னைச் சுற்றி மணல் துகள்களால் உறை கட்டிக்கொண்டு வாழும் புழு, 9. மூன்று வால் கொண்ட இளம்புழு ஒன்று, 11. தட்டாரப்பூச்சிப் புழு, 6. ஒரு நண்டு, 6. கூட்டினால் 49, ஐந்தால் வகுத்தால் 9.8.

இரண்டு இடத்துக்கும் நடுவே சில கிலோமீட்டர்தான் தூரம். அதே மலை, அதே மழை. எங்கள் ஓடையின் எண் ஏன் 2.5 ஆனது என்று அவள் கேட்டாள். ஓர் இடத்தில் எடுத்த ஓர் எண் அதைச் சொல்லாது. ஆலைக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை, கழிவுநீர்க் குழாய் சேரும் இடத்துக்கு மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று எடுத்துப் பார்த்தால் எங்கே எண் சரிகிறது என்று தெரியும். அவள் பேன்ஸ்பிரேட்டின் படத்தை நோட்டுப் புத்தகத்தில் வரைந்து, ஏழு இடங்களில் புள்ளி வைத்திருக்கிறாள். முதல் புள்ளி எங்கள் வீட்டு வாசல் சாக்கடை. ஓடையைச் சுற்றிலும் முகடுகளை இணைத்துப் பென்சிலால் ஒரு வளையமும் போட்டிருக்கிறாள். வருகிற சனிக்கிழமை, மழை இல்லாவிட்டால், இரண்டாவது புள்ளிக்குப் போகிறோம்.